ஓதம் பிடித்த சுவரைச் சரிசெய்வது எப்படி: முதல் சோதனையிலிருந்து கடைசித் தவணை வரை

சுவரில் ஈரத்திட்டு தெரிந்ததும் நிறைய பேர் முதலில் கூப்பிடுவது பெயிண்டரை. வேலை வரிசையில் அவர் கடைசி ஆள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மேலே எதைப் பூசினாலும் கொஞ்ச நாளில் பொருக்கு பொருக்காக உரிந்து வரும், அப்புறம் அதே செலவு மறுபடியும்.

இந்த வேலையின் செலவு இரண்டாகப் பிரியும். தண்ணீரை நிறுத்துவதற்கு ஒன்று, சுவரைப் பழையபடி ஆக்குவதற்கு ஒன்று. முதலாவது அவசரமானது, பெரும்பாலும் சின்னது. இரண்டாவது பெரியது, ஆனால் சுவர் உலரும் வரை அதைச் செய்யவே கூடாது. அந்த உலரும் மாதங்கள்தான் பணம் சேர்க்க உங்களுக்குக் கிடைக்கும் வட்டியில்லாத அவகாசம். கீழே உள்ள வரிசை முழுவதும் இதை வைத்துத்தான்.

1. கையில் இருக்க வேண்டியவை

சமையலறை அலுமினியத் தாள், நல்ல ஒட்டு நாடா, பென்சில், உணவு நிறமி கொஞ்சம், டார்ச், ஒரு வாளி, குழாயில் மாட்டும் ஹோஸ், கைபேசி கேமரா. இவ்வளவு போதும். ஈரமானி வாங்க வேண்டுமா என்று கேட்பார்கள். சுவரில் உப்பு இருந்தால் ஈரமில்லாத இடத்தில்கூட அது ஈரம் என்று காட்டும் என்பதால், புதிதாகப் பார்ப்பவரை அது குழப்பத்தான் செய்யும்.

வீட்டில் எந்த வால்வு எந்தக் குழாயை மூடுகிறது என்று தெரியாவிட்டால் முதலில் அதைக் கண்டுபிடியுங்கள். ஒவ்வொன்றாக மூடி, எந்தக் குழாயில் தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, வால்விலேயே ஒரு சீட்டு கட்டிவிடுங்கள். அடுத்த படிகளில் பாதி இதை நம்பித்தான் இருக்கின்றன. தவிர, ரொம்ப நாள் தொடாத வால்வு இறுகிப் போயிருக்கும். அது அவசர நேரத்தில் தெரிய வருவதைவிட இப்போது தெரிவது நல்லது.

2. முதல் நாள்: மின்சாரம், படம், தகவல்

ஈரம் சுவிட்சுக்கோ பிளக்குக்கோ பக்கத்தில் இருந்தால் அந்தப் பகுதியின் பிரேக்கரை இறக்கி வையுங்கள். சுவருக்குள் ஒயர் போகும் குழாய் வழியாகத் தண்ணீர் ஓடிவருவது சாதாரணமாக நடப்பதுதான்.

ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் சுற்றி வரைந்து, பக்கத்தில் தேதி எழுதி, படம் எடுங்கள். ஒரு வாரம் கழித்து அது பரவியதா, சுருங்கியதா, நின்றுவிட்டதா என்று கோடு சொல்லிவிடும். ஞாபகத்தை நம்பினால் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

காப்பீடு இருந்தால் எதையும் உடைக்கும் முன் தகவல் கொடுத்துவிடுங்கள். திடீரென்று வெடித்த குழாயை ஏற்கும் பாலிசிகளில் பல, மெல்ல மெல்லக் கசிந்ததை ஏற்பதில்லை. அதனால்தான் தேதி போட்ட படம் முக்கியம். வாடகை வீடு என்றால் கைக்காசைப் போடும் முன் உரிமையாளரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். பின்னால் வாடகையில் கழிப்பது பற்றிப் பேசும்போது ஒரு பழைய குறுஞ்செய்தி நிறைய வாக்குவாதத்தைக் குறைக்கும்.

3. எவ்வளவு ஆகும் என்பதற்கு முன், எந்தப் பணம் என்பது

காரணம் தெரிவதற்குள் மொத்தத் தொகையைக் கணக்குப் போட முடியாது. ஆனால் எதைத் தொடுவது, எதைத் தொடக்கூடாது என்பதை இப்போதே முடிவு செய்யலாம். தண்ணீரை நிறுத்தும் வேலைக்கு அவசரத்துக்கென்று ஒதுக்கிய சேமிப்பை எடுங்கள். இது அவசரம்தான், தயங்க வேண்டாம். பூச்சுக்கும் பெயிண்டுக்கும் அதைத் தொட வேண்டாம்.

ஒரு கணக்கு. மொத்தம் 100 பங்கு செலவு, அதில் கசிவை நிறுத்த 30, மற்றதுக்கு 70 என்று வைத்துக்கொள்வோம். சுவர் உலர நான்கு மாதம் ஆகும் என்றால், இரண்டாம் பகுதிக்கு மாதம் 17.5 பங்கு எடுத்து வைத்தால் கடன் இல்லாமல் முடியும். மொத்தத்தையும் ஒரே மூச்சில் கிரெடிட் கார்டில் போட்டால், ஆண்டு வட்டி 36 சதவீதமாக இருக்கும் கார்டில் மாதத்துக்கு 3 சதவீதம் ஏறும். அதைவிடக் கொடுமை, ஈரச் சுவர் மேல் அடித்த பெயிண்ட் அதே கடன் தீரும் முன்பே உரியும்.

4. ஈரத்தின் வடிவத்தைப் படியுங்கள்

எந்த உயரத்தில், எப்போது, எந்த வடிவத்தில் என்று மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து மேலே ஏறி, சுமார் ஒரு மீட்டருக்குள் ஒரு கோடு போல நின்று, அந்தக் கோட்டில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் கீழிருந்து ஏறும் ஓதம். மழை பெய்தால் மட்டும் பெரிதாகும் திட்டு வெளிச்சுவரோ மொட்டை மாடியோ. மழையே இல்லாமல் எப்போதும் ஒரே அளவில் இருந்தால் தண்ணீர் வரும் குழாய். யாராவது குளித்தபின் மட்டும் கருத்தால் குளியலறைத் தரை அல்லது கழிவுநீர்க் குழாய். மூலைகளிலும் அலமாரிக்குப் பின்னாலும் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை மட்டும் தெரிந்தால், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிவதாக இருக்கலாம்.

இதெல்லாம் சந்தேகப் பட்டியல்தான், தீர்ப்பு இல்லை. தண்ணீர் தெரியும் இடமும் நுழையும் இடமும் பல அடி தள்ளி இருக்கும். கூரைத் தளத்தின் மேல் ஓடி, சரிவான இடத்தில் போய்த்தான் இறங்கும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே உடைத்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் அதிகம் பார்க்கும் தவறு.

5. அலுமினியத் தாள் சோதனை

ஈரத்திட்டின் மேல் சுமார் 45 செ.மீ. சதுரத்துக்குத் தாளை வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒட்டும் முன் உரிந்த பெயிண்டைச் சுரண்டிவிட்டுத் துணியால் துடைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் நாடா பிடிக்காது. 24 முதல் 48 மணி நேரம் கழித்துப் பாருங்கள்.

தாளின் அறைப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து. இரண்டு பக்கமும் என்றால் இரண்டும் நடக்கிறது.

காற்றிலிருந்துதான் என்றால் கொத்தனார் தேவையே இல்லை. அறை 25 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம் இருக்கும்போது, ஏறத்தாழ 17 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர் படியும். குளிக்கும்போதும் சமைக்கும்போதும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது, துணியை அறைக்குள் காயப்போடாமல் இருப்பது, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கைப்பிடி தள்ளி வைப்பது என்று ஆரம்பியுங்கள். ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் பூஞ்சை பெரும்பாலும் அடங்கிவிடும்.

6. வரும் குழாய்: மீட்டரும் தொட்டியும்

வீட்டிலுள்ள எல்லாக் குழாயையும் மூடுங்கள். கழிப்பறைச் சிஸ்டர்னுக்குப் போகும் சின்ன வால்வு, வாஷிங் மெஷின் குழாய், குடிநீர் வடிகட்டி இவற்றையும்தான். இவற்றில் ஒன்றை மறந்துவிட்டுக் 'கசிவு இருக்கிறது' என்று பதறுபவர்கள் அதிகம். மீட்டர் அளவைக் குறித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நகர்ந்திருந்தால் கசிவு உண்டு.

மேல்தொட்டியிலிருந்து தண்ணீர் வரும் வீடு என்றால், தொட்டியை நிரப்பும் குழாயில் உள்ள மீட்டர் வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லாது. தொட்டிக்குள் வரும் தண்ணீரை நிறுத்திவிட்டு, நீர்மட்டத்தை ஓரிடத்தில் குறித்து, இரவு முழுக்க விடுங்கள். ஏன் இரவு முழுக்க? வினாடிக்கு ஒரு சொட்டு கசிந்தால் வருஷத்துக்கு 11,000 லிட்டருக்கு மேல் போகும், ஆனால் மணிக்கு அது ஒன்றேகால் லிட்டர்தான். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அகலமுள்ள தொட்டியில் அது மணிக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர். ஒரு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. எட்டு மணி நேரத்தில் ஒரு செ.மீ. இறங்கியிருக்கும்.

இறங்கியிருந்தால் அடுத்த இரவு ஒரு கிளை வால்வை மட்டும் மூடிவிட்டு அதே சோதனை. ஹீட்டருக்குப் போகும் வால்வை மூடியதும் மட்டம் நின்றுவிட்டால் கசிவு சுடுதண்ணீர்ப் பாதையில். இப்படிக் குறுக்கிக்கொண்டே போனால் உடைக்க வேண்டிய சுவர் ஒன்றே ஒன்றாகிவிடும். பொறுமை இல்லாமல் பிளம்பரைக் கூப்பிட்டால் அவரும் இதைத்தான் செய்வார், கூலியோடு. அல்லது செய்யாமல் டைல்ஸை உடைப்பார்.

சிஸ்டர்னுக்குத் தனியாக ஒரு சோதனை. சிஸ்டர்னுக்குள் சில சொட்டு உணவு நிறமி விட்டு, ஃபிளஷ் செய்யாமல் கால் மணி நேரம் காத்திருங்கள். கீழே கோப்பையில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் அடைப்பான் தேய்ந்துவிட்டது. சுவர் நனைவதற்கு இது காரணமாக இருக்காது, தண்ணீர்க் கணக்கைத்தான் கெடுக்கும். அதனால் மட்டச் சோதனைக்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது.

7. குளியலறை: மூன்று சோதனை, தனித்தனி நாளில்

மட்டம் இறங்கவே இல்லை, ஆனாலும் சுவர் நனைகிறதா? அப்படியென்றால் பயன்படுத்திய தண்ணீர் எங்கோ தவறான வழியில் போகிறது. இங்கேதான் வரிசை ரொம்ப முக்கியம். மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எது நனைத்தது என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாளாவது விடுங்கள், அதுவரை அந்தக் குளியலறையைப் பூட்டி வையுங்கள்.

முதல் நாள், வடிகால் மட்டும். ஹோஸின் முனையை வடிகாலுக்குள் நேராக விட்டு, தரையில் ஒரு சொட்டும் படாமல், கால் மணி நேரம் தண்ணீர் விடுங்கள். கீழ்த்தளத்திலோ பக்கத்துச் சுவரிலோ ஈரம் கூடினால் கழிவுநீர்க் குழாய் அல்லது அது தரையோடு சேரும் இணைப்பு. இதை முதலில் செய்வதற்குக் காரணம், அடுத்த சோதனையில் தேக்கும் தண்ணீரும் கடைசியில் இதே வழியாகத்தான் வெளியேற வேண்டும்.

அடுத்தது தரை. வடிகாலை நன்றாக அடைத்து, இரண்டு செ.மீ. தண்ணீர் தேக்கி, மட்டத்தைக் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். பக்கத்தில் ஒரு வாளியிலும் தண்ணீர் வைத்து அதன் மட்டத்தையும் குறியுங்கள். தண்ணீர் ஆவியாகவும் போகும், வாளியில் இறங்கிய அளவுதான் அந்த ஆவிக்கணக்கு. வாளியில் 2 மி.மீ., தரையில் 9 மி.மீ. என்றால் மீதி 7 மி.மீ. தரைக்குள் போயிருக்கிறது. அடைப்பு சரியாக இல்லாவிட்டால் இந்தச் சோதனையே வீண் என்பதால் அதை இரண்டு தடவை பாருங்கள். இரண்டு செ.மீ. தண்ணீர் சதுர மீட்டருக்கு 20 கிலோ. அதற்கு மேல் தேக்க வேண்டாம். மரத்தளம் உள்ள வீட்டில் இதை நீங்களாகச் செய்யவே வேண்டாம்.

கடைசி நாள், ஷவரைச் சுவர் டைல்ஸில் மட்டும் படும்படி திருப்பி விடுங்கள். டைல்ஸ் இடுக்குகளை அடைக்கும் கிரவுட் உதிர்ந்திருந்தால், குழாய் சுவருக்குள் நுழையும் வட்டத்தில் இடைவெளி இருந்தால், இதில் மாட்டிக்கொள்ளும்.

தண்ணீர் வடிகாலை நோக்கி ஓடுகிறதா என்பதையும் இதோடு பார்த்துவிடுங்கள். ஒரு மீட்டருக்கு இரண்டு செ.மீ. சரிவு இருந்தால் போதும். மூலையில் தேங்கும் தரை, எவ்வளவு நல்ல பூச்சு போட்டாலும் ஒருநாள் கசியும்.

8. வெளிச்சுவரும் மாடியும்

ஹோஸ் வைத்துச் சோதிக்கும்போது கீழிருந்து மேலே போங்கள். ஒவ்வொரு உயரத்திலும் கால் மணி நேரம், உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் வழிந்து சுவர் முழுக்க நனைந்துவிடும்; எந்த விரிசல் வழியாக நுழைந்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

மொட்டை மாடியில் மழைநீர்க் குழாயின் வாய், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, இந்த இரண்டையும் முதலில் பாருங்கள். மாடி முழுவதுக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு போடச் சொல்லும் முன் குழாய் வாயிலிருக்கும் சருகை எடுத்துவிட்டு ஒரு மழையைப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

கீழிருந்து ஏறும் ஓதம் என்று சந்தேகித்தால், வெளியே போய்ச் சுவரோடு ஒட்டி மண்ணோ தளமோ உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளித்தரையிலிருந்து சுமார் 15 செ.மீ. மேலே சுவருக்குள் ஓதத்தடுப்புப் படலம் வைத்துக் கட்டுவது வழக்கம். பிற்பாடு தோட்ட மண்ணைக் கொட்டி அதற்கு மேலே ஏற்றிவிட்டால் தண்ணீர் படலத்தைத் தாண்டி உள்ளே வந்துவிடும். மண்ணை இறக்கிவிட்டு சில மாதம் பாருங்கள். சுவரில் ஊசி போட்டு ரசாயனம் ஏற்றும் வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.

9. கசிவை அடைப்பது: எது கையால், எது ஆளால்

சிலிகான், கிரவுட், அடைப்பான் ரப்பர், வாஷர், இவை நீங்களே செய்யலாம். சிலிகானில் எல்லோரும் செய்யும் தவறு, பழையதன் மேலேயே புதியதை இழுத்துவிடுவது. புதிய சிலிகான் காய்ந்த பழைய சிலிகானில் ஒட்டாது. பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்து, இடுக்கை நன்றாகக் காயவிட்டு, புதியதைப் போட்டு, 24 மணி நேரம் தண்ணீர் படாமல் வையுங்கள்.

சுவருக்குள் ஓடும் குழாய், தரைக்குக் கீழே நீர்த்தடுப்பு, உயரத்தில் ஏறிச் செய்யும் வேலை, இவற்றுக்கு ஆள் வையுங்கள்.

10. கொட்டேஷன் வாங்குவது

மூன்று பேரிடம் கேளுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். மூன்று பேரும் ஒரே வேலைக்கு விலை சொல்கிறார்களா என்பதை யாரும் பார்ப்பதில்லை. நீங்களே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: காரணம் இது, இந்தெந்தச் சோதனை செய்தேன், இவ்வளவு பரப்பு, பூச்சு எத்தனை தடவை, பொருளின் பெயர், இடிபாட்டை யார் அகற்றுவது, உடைத்த டைல்ஸை யார் திரும்பப் பதிப்பது, முடிந்தபின் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் காட்ட வேண்டும். குறைந்த விலை சொன்னவரின் தாளில் பெரும்பாலும் கடைசி மூன்றும் இருக்காது. அவற்றைச் சேர்த்தபின் ஒப்பிட்டுப் பாருங்கள்.

சொன்ன தொகைக்கு மேல் 15 முதல் 20 சதவீதம் உங்கள் கணக்கில் தனியாக வையுங்கள், அதை அவரிடம் சொல்ல வேண்டாம். சுவரைத் திறந்தபின்தான் துருப்பிடித்த கம்பி, இற்றுப்போன குழாய் எல்லாம் தெரியவரும். அப்படி வேலை கூடினால், எவ்வளவு என்று ஒரு குறுஞ்செய்தியாவது வாங்கிய பிறகே தொடரச் சொல்லுங்கள்.

பணத்தை வேலையின் கட்டங்களுக்குக் கொடுங்கள், நாட்களுக்குக் கொடுக்காதீர்கள். பொருள் வாங்க ஒரு அட்வான்ஸ், பழையதை அகற்றியதும் ஒரு பங்கு, நீர்த்தடுப்பு முடிந்து தண்ணீர் தேக்கிப் பார்த்ததும் பெரிய பங்கு, டைல்ஸுக்குப் பிறகு மீதி. கடைசி 10 சதவீதத்தைக் கொஞ்ச நாள் கழித்துத் தருவதாக ஆரம்பத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். கசிவு அன்றைக்கே தெரியாது என்பதுதான் காரணம். வேலை முடிந்த பிறகு திடீரென்று பிடித்தம் செய்தால் சண்டையில்தான் முடியும்.

டைல்ஸ் பதிப்பதற்கு முன் தண்ணீர் தேக்கிப் பார்க்கச் சொல்வதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பதித்தபின் கசிவு தெரிந்தால் முழுவதும் இரண்டாம் தடவை.

11. உலரவிடுவது

இங்கேதான் பொறுமை போகும். செங்கல் சுவருக்கு ஒரு பழைய தோராயக் கணக்கு: 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மாதம். 230 மி.மீ. சுவர் முழுக்க ஊறியிருந்தால் பல மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கெட்ட பூச்சை, ஈரம் தெரிந்த எல்லையைத் தாண்டி 30 செ.மீ. வரை கொத்தி எடுத்துவிடுங்கள். உப்பு அந்தப் பூச்சில்தான் சேர்ந்திருக்கும், அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். சுவரில் பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளிப் பெருக்கி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேயே போகும்.

ஹீட்டரை நேராகச் சுவரில் காட்ட வேண்டாம், மேற்பரப்பு மட்டும் காய்ந்து விரிசல் விடும். ஃபேனும் திறந்த ஜன்னலும் போதும். வெளியே மழையும் புழுக்கமுமாக இருக்கும் நாளில் ஜன்னலைச் சாத்துங்கள்.

பூஞ்சை ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால், முகக்கவசம், கையுறையோடு சோப்புத் தண்ணீரால் தேய்த்து, உடனே உலர்த்திவிடலாம். அதைவிடப் பெரிது என்றால் அதற்கென்று இருக்கும் ஆளைக் கூப்பிடுங்கள். பிளீச்சை ஆசிட்டோடோ அம்மோனியா உள்ள கிளீனரோடோ எந்தக் காரணத்துக்கும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும்.

காய்ந்துவிட்டதா என்று தெரிய, 5-ஆம் படியின் தாள் சோதனையையே மறுபடி செய்யுங்கள்.

12. பூச்சு, பிரைமர், பெயிண்ட்

சிமெண்ட் பூச்சுக்கு 7 நாள் தண்ணீர் காட்டி, 28 நாள் கழித்துப் பெயிண்ட். அதற்கு முன் அடித்தால் பூச்சின் காரம் நிறத்தைத் தின்றுவிடும். நனைய வாய்ப்புள்ள இடத்தில் ஜிப்சம் பூச்சு வேண்டாம். பழைய வீட்டின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல் நனைத்துச் சுரண்டுங்கள், குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

ஓதம் வந்த சுவருக்கு, தண்ணீரே புகாது என்று சொல்லி விற்கும் பிளாஸ்டிக் படலம் போன்ற பெயிண்டை உள்பக்கத்தில் அடிக்கச் சொல்வார்கள். மிச்ச ஈரம் வெளியே வர முடியாமல் கொப்புளமாகக் கிளம்பும். சுவர் மூச்சுவிடும் வகை பெயிண்டே இங்கே சரி.

13. அடுத்ததுக்கு ஒரு கணக்கு

வீட்டின் மதிப்பில் வருஷத்துக்கு ஒரு சதவீதம் பராமரிப்புக்கு வையுங்கள் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. பழைய வீட்டுக்கும் புதிய வீட்டுக்கும் அதே எண்ணைச் சொல்வதால் எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அதைவிடப் பொருள்வாரியாகப் போடுங்கள். ஹீட்டர் இன்னும் நான்கு வருஷம் ஓடும் என்று தோன்றினால், புதிய ஹீட்டரின் விலையை 48-ஆல் வகுத்தால் மாதம் எடுத்து வைக்க வேண்டியது வந்துவிடும். மோட்டார், மாடியின் நீர்த்தடுப்பு, குளியலறைக் கிரவுட், எல்லாவற்றுக்கும் இப்படியே போட்டுக் கூட்டுங்கள். மொத்தம் கட்டுப்படியாகாவிட்டால் தண்ணீர் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அவை கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக் கெடுக்கும். அந்தப் பணம் வீட்டுச் செலவுக் கணக்கிலேயே கிடந்தால் மாதக் கடைசியில் காணாமல் போகும், தனிக் கணக்கில் போடுங்கள்.

சுவரைத் திறந்திருந்தபோது குழாய் ஓடும் பாதையை அளவுகோலோடு எடுத்த படம், மீந்த டைல்ஸ் நாலைந்து, பெயிண்ட் டப்பாவின் மூடியில் இருக்கும் நிற எண், கொட்டேஷன் தாள், கடைசித் தவணைக்கான தேதி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். டைல்ஸை மட்டும் பரணில்.